விவேக நகரத்தில் நம் முதலீடு எவ்வளவு, நம் பங்கு எங்கே?

(மலாக்கா மாநிலத் தோட்டப்புற, பட்டணக் குடும்பங்களுக்காக நடைபெற்ற சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கல் என்று பல இடங்களிலிருந்து வந்திருக்கும் அம்மாமார்களே, ஐயாமார்களே, அண்ணன் அக்காமார்களே, தம்பி தங்கைகளே! உங்களுக்குக் கிடைப்பது வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அந்த நாளையும் ஒதுக்கி இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே மேடை அலங்காரம் எதுவும் இல்லாமல் நேரே விசயத்துக்கு வருகிறேன்.

இப்போது எங்கே பார்த்தாலும் 'விவேக நகரம்', 'விவேக நகரம்' என்று பேசுகிறார்கள். விவேக நகரத்தில் முதலீடு செய்யுங்கள், நாட்டின் வளர்ச்சியில் பங்கு பெறுங்கள் என்கிறார்கள். பேரங்காடி வாசலில் மேசை போட்டு வீடு விற்கிறார்கள். அமைச்சர்கள் கோடிக்கணக்கில் முதலீடு வருகிறது என்று அறிக்கை விடுகிறார்கள். நம் சனங்களோ, "இது பணக்காரன் விசயம், நமக்கு என்ன?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இதில் நாம் ஏற்கெனவே முதலீடு செய்திருக்கிறோம். உழைப்பைப் போட்டிருக்கிறோம், சேமிப்பையும் போட்டிருக்கிறோம். போட்டது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று மட்டும் யாரும் நமக்குக் கணக்குக் காட்டவில்லை. அந்தக் கணக்கைத்தான் இன்று பேசப் போகிறோம்.

விவேக நகரம் என்றால் என்ன?

வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு 2019-இல் மலேசிய விவேக நகரக் கட்டமைப்பு என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. அதில் ஏழு கூறுகள் இருக்கின்றன: பொருளாதாரம், வாழ்க்கை, சுற்றுச்சூழல், மக்கள், அரசாங்கம், போக்குவரத்து, இலக்கவியல் வசதி. இந்த ஏழிலும் விவேகம் வேண்டும் என்கிறது அந்த ஆவணம். நெரிசலுக்கு ஏற்ப மாறும் சாலை விளக்கு, வெள்ளம் ஏறுவதை முன்கூட்டியே சொல்லும் கருவி, கைப்பேசியில் கட்டும் கார் நிறுத்தக் கட்டணம், வேகமான இணையம் எல்லாம் இதில் அடங்கும்.

இதில் கெட்டது எதுவும் இல்லை. வெள்ளம் வருமுன் எச்சரிக்கை வந்தால் முதலில் பிழைப்பது தாழ்வான இடத்தில் குடியிருக்கும் ஏழைதான். ஆகவே நாம் மேம்பாட்டுக்கு எதிரிகள் அல்லர். ஆனால் கருவியைப் பொருத்துவதற்கு முன்னால் நகரத்துக்கு நிலம் வேண்டும். அந்த நிலம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம்முடைய கேள்வி.

பெரும்பாலும் அது தோட்டத்திலிருந்து வருகிறது.

ரப்பரின் பெயர் உலகமெங்கும், வெட்டியவன் எங்கே?

இந்த நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டம் நம் மலாக்காவில்தான் தொடங்கியது. 1896-இல் தான் சாய் யான் என்ற சீன முதலாளி புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அதற்குப் பின்னால்தான் ஆங்கிலேயக் கம்பெனிகள் வரிசையாக வந்தன. கங்காணிமார்கள் நம் பாட்டன் பூட்டன்களைக் கப்பலில் அழைத்து வந்தார்கள். காடு வெட்டி, மலேரியாவில் மடிந்து, பால் வெட்டி, இந்த நாட்டுக்கு முதல் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.

இரண்டு இடங்களின் கதையைச் சொல்கிறேன். இரண்டுமே சிலாங்கூரில் இருந்தவை. ஆனால் அந்தக் கதை மலாக்காவுக்கும் பாடம்.

முதலாவது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய ஆங்கிலேயர்கள் 1921-இல் அதைத் தொடங்கினார்கள். பெரும் போர் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அங்கே நல்ல ரகக் கன்றுகளை ஆராய்ச்சி செய்து உருவாக்கினார்கள். பி.பி. 86, பி.பி. 260 என்ற ரகங்களை ரப்பர் தெரிந்தவர்கள் அறிவார்கள். அந்த 'பி.பி.' என்பது பிராங் பெசார். கேரளாவிலும் ஆப்பிரிக்காவிலும் அந்த ரகங்களை நட்டார்கள். இன்று பிராங் பெசார் தோட்டம் இல்லை. அந்த இடத்தில் புத்ராஜெயா நிற்கிறது. பக்கத்திலேயே சைபர்ஜெயா. 1996-இல் அறிவிக்கப்பட்ட பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் இரண்டு நகரங்கள் அவை. 'விவேக நகரம்' என்ற சொல் பரவுவதற்கு முன்னாலேயே இந்த நாடு கட்டிய விவேக நகரங்கள் அவைதாம்.

அங்கிருந்த நம் மக்கள் என்ன ஆனார்கள்? பிராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி முதலிய தோட்டங்களின் ஏறத்தாழ 400 குடும்பங்களை டெங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். சுவர்கள் விரிசல் விட்டன. தரைவீடு வேண்டும் என்று இருபது ஆண்டுக்கு மேல் அவர்கள் மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். அரசாங்கத்தின் அழகிய தலைநகரத்துக்கு இடம் விட்டவர்கள், பாதுகாப்பான ஒரு வீட்டுக்காக அதே அரசாங்க அலுவலகங்களின் வாசலில் நின்றார்கள்.

இரண்டாவது இடம் சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலம். அந்தக் கழகம் 1925-இல் தோன்றியது. தாய்லாந்தில் பரவலாக நட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் அவர்கள் கண்டது. அங்கேயும் மரம் வெட்டியது, நாற்றங்காலில் குனிந்தது நம் பெண்கள். இன்று அந்த நிலத்தின் பெரும்பகுதியில், ஏறத்தாழ 2,330 ஏக்கரில், குவாசா டாமான்சாரா என்ற புதிய நகரம் எழும்பி வருகிறது. எம்.ஆர்.டி. இரயில் நிலையம் அங்கேயே இருக்கிறது.

அந்த நகரத்தைக் கட்டும் கம்பெனிக்குச் சொந்தக்காரர் யார் தெரியுமா? ஊழியர் சேமநிதி வாரியம். நம் இ.பி.எப்.

யார் பணம்?

இங்கே கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு சேமநிதிக்குப் போகிறது. 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு போடுகிறார். சேமநிதி 1951-இல் தொடங்கியது. உங்கள் அப்பா போட்டார், அம்மா போட்டார், நீங்கள் போடுகிறீர்கள். அந்தப் பணம் பெட்டியில் தூங்குவதில்லை. வங்கிப் பங்கு, அரசாங்கக் கடன் பத்திரம், நெடுஞ்சாலை, வீடமைப்பு என்று பல இடங்களில் முதலீடாகிறது. கடல் தாண்டியும் போகிறது. 2012-இல் லண்டன் மாநகரில் பேட்டர்சீ பழைய மின்நிலையத்தை மலேசியக் கூட்டணி ஒன்று வாங்கியது. அதில் சைம் டார்பிக்கு 40 விழுக்காடு, எஸ்.பி. செத்தியாவுக்கு 40, சேமநிதிக்கு 20. மெர்லிமாவில் செம்பனைக் குலை சுமந்தவரின் சேமிப்பும் லண்டனில் ஆடம்பர அடுக்குமாடி கட்டப் போயிருக்கிறது.

இது குற்றம் என்று நான் சொல்லவில்லை. சேமநிதி இலாபம் பார்க்க வேண்டும். அந்த இலாபம் ஈவுத்தொகையாக நம் கணக்கிலும் விழுகிறது. ஆண்டுக்கு 2.5 விழுக்காடாவது தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் ஈவுத்தொகை விழுக்காட்டுக் கணக்கு. கணக்கில் ஐந்து இலட்சம் வைத்திருப்பவருக்கும் இருபதாயிரம் வைத்திருப்பவருக்கும் விழுக்காடு ஒன்றுதான், கைக்கு வருவது ஒன்றல்ல. வாழ்நாள் முழுக்கக் குறைந்த சம்பளம் வாங்கியவருக்கு வருவது சிறு தொகை. நகரத்தில் அவர் முதலீட்டாளர்தான், ஆனால் அந்த நகரத்தில் ஓர் அறை வாங்க முடியாத முதலீட்டாளர்.

ஆகவே "நமக்கு என்ன?" என்று ஒதுங்காதீர்கள். நிலத்தைப் பண்படுத்தியது நம் உழைப்பு. கட்டுமானத்துக்குப் போகும் பணத்தில் நம் சேமிப்பும் உண்டு. பங்கு கேட்பது பிச்சை கேட்பது ஆகாது.

சட்டம் நம்மை எப்படிப் பார்க்கிறது?

சட்டம் படித்தவன் என்ற முறையில் கசப்பான உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தோட்டத்து வீட்டில் நான்கு தலைமுறை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் வேலைக்காகக் குடியிருக்க அனுமதி பெற்றவர். வேலை முடிந்தால் அனுமதியும் முடிகிறது. மாரியம்மன் கோயிலை உங்கள் பாட்டன் கட்டியிருக்கலாம். வாசலில் உள்ள மாமரத்தை உங்கள் பாட்டி நட்டிருக்கலாம். கிராண்டில் பெயர் கம்பெனியுடையது.

நில எடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. பள்ளிக்கூடம், சாலை, மருத்துவமனை போன்ற பொதுக் காரியத்துக்கு அரசாங்கம் நிலம் எடுக்கலாம் என்பது அதன் நோக்கம். 1991-இல் அதைத் திருத்தினார்கள். பொருளாதார மேம்பாட்டுக்கு நன்மை என்று மாநில அரசு கருதினால், தனியார் கம்பெனிக்காகவும் நிலம் எடுக்கலாம் என்று ஆனது. சரி, எடுத்தால் இழப்பீடு யாருக்கு? 'அக்கறையுள்ள நபர்' யார் என்று அந்தச் சட்டம் விளக்கம் தருகிறது. உரிமையாளர் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றக்கூடிய குடியிருப்பாளர் அதில் சேரமாட்டார் என்றும் சொல்கிறது. இந்த ஒரு வரியில் நம்மவர்களில் எத்தனையோ பேர் வெளியே தள்ளப்படுகிறார்கள்.

2009-இல் பினாங்கு கம்போங் புவா பாலாவில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பல தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர் கிராமம். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது, கூட்டரசு நீதிமன்றமும் கை கொடுக்கவில்லை, கிராமம் இடிக்கப்பட்டது. ஆனால் அவர்கள் போராடியதால் பெரும்பாலான குடும்பங்களுக்கு இரட்டைமாடி வீடு கிடைத்தது. சட்டம் கைவிட்ட இடத்தில் பேச்சுவார்த்தையும் மக்கள் ஒற்றுமையும் கொஞ்சம் காப்பாற்றின.

நம் கையில் உள்ள ஆயுதங்களையும் சொல்கிறேன்.

ஒன்று: 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இரண்டு பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ பிரித்து விற்க வேண்டுமானால், தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். தோட்டத் துண்டாடலில் நம்மவர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்துக்குப் பின் வந்த பிரிவு இது. அனுமதி கேட்கிறார்களா என்று நாம் விசாரிக்கலாம், மனுப் போடலாம்.

இரண்டு: 100 எக்டருக்கு மேல் அல்லது 10,000 பேருக்கு மேல் குடியேறும் புதிய நகரம் என்றால், நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி அது தேசிய அளவிலான மன்றத்தின் ஆலோசனைக்குப் போக வேண்டும். மாநிலத்தோடு முடிகிற காரியம் அல்ல.

மூன்று: உள்ளூர் மேம்பாட்டுத் திட்ட வரைவை, அதாவது 'ரஞ்சாங்கான் தெம்பத்தான்' என்பதை, பொதுமக்கள் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும். ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். அந்த வரைபடத்தில் உங்கள் தோட்டம் பச்சை நிறத்திலிருந்து வேறு நிறத்துக்கு மாறும் அன்றைக்கே உங்கள் வீட்டின் தலைவிதி எழுதப்படுகிறது. புல்டோசர் வருவது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. நாம் புல்டோசர் வரும் நாளில் கூடுகிறோம், வரைபடம் வரும் நாளில் கூடுவதில்லை.

நான்கு: வெளியேற்ற வழக்கு வந்தால் பயந்து ஓடாதீர்கள். அத்துமீறிக் குடியேறியவர்களுக்கு எதிராக 89ஆம் ஆணை என்று ஒரு சுருக்க வழி இருக்கிறது. அனுமதியோடு குடியிருந்தவர் வேறு, அத்துமீறியவர் வேறு என்று 1991-இல் பொஹாரி வழக்கில் அன்றைய உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. இதனால் வீடு கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. முழு விசாரணை கேட்க வழி உண்டு, பேசுவதற்கு அவகாசம் கிடைக்கும்.

மலாக்கா நிலவரம்

மலாக்கா நாட்டின் மூன்றாவது சிறிய மாநிலம். நிலம் குறைவு, ஆசை அதிகம். ஆயர் குரோவையும் டுரியான் துங்கலையும் பாருங்கள். ரப்பர்க் காடுகளாக இருந்த வட்டாரத்தில் இன்று மாநில அரசின் தலைமையகம், பல்கலைக்கழகம், வீடமைப்புத் திட்டங்கள். 2010-இல் ஹங் துவா ஜெயா என்று தனி நகராண்மைக் கழகமே அமைத்தார்கள்.

நிலம் போதாமல் கடலையும் தூர்த்தார்கள். 2014-இல் மலாக்கா கேட்வே என்ற திட்டத்தைப் பிரதமரே வந்து தொடக்கி வைத்தார். 43 பில்லியன் ரிங்கிட் என்றார்கள். செயற்கைத் தீவு, உல்லாசக் கப்பல் துறைமுகம் என்றார்கள். 2020 நவம்பரில் மாநில அரசு அந்த ஒப்பந்தத்தை இரத்துச் செய்தது. பெரிய அறிவிப்பு போனது, கடலை நம்பி வாழ்ந்த உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பு மீனவர்களின் குறை நின்றது. ஒரு சிறுபான்மை இனத்தின் வலி இன்னொரு சிறுபான்மை இனத்துக்குப் புரிய வேண்டும். அவர்கள் கேட்ட கேள்வியும் இதேதான்: இந்த வளர்ச்சியில் எங்களுக்கு இடம் எங்கே?

முதலீட்டில் நம் அனுபவம்

"அப்படியானால் நாமே சேர்ந்து முதலீடு செய்தால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இதில் நமக்கு இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளியிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் முதல் தோட்டம். மரம் வெட்டியவனே தோட்டத்துக்குப் பங்குதாரன் ஆனான். படிக்காத சனம் என்று சொன்னார்களே, அந்தச் சனம் செய்து காட்டிய முதலீடு அது.

பிறகு 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. சமுதாயத்தின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தப் போகிறோம் என்றார்கள். 60,000-க்கு மேற்பட்டோர் சேர்ந்து 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தாய்மார்கள் இருந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுக்குப் பிறகு, 2010-இல், ஒரு வெள்ளிப் பங்கை 80 காசுக்கு விற்றுத்தான் பெரும்பாலோர் வெளியே வர முடிந்தது.

இரண்டுக்கும் என்ன வேற்றுமை? நிலநிதியில் பணம் எங்கே போனது என்று தொழிலாளி கையை நீட்டிக் காட்ட முடிந்தது: அதோ தோட்டம், அதோ மரம். மைக்காவில் பணம் எங்கே, யார் முடிவு செய்கிறார் என்பது சாதாரணப் பங்குதாரருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஆகவே ஒரு திட்டத்தில் பணம் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் எந்தப் பொருளாகிறது? அந்தப் பொருள் யார் பெயரில் இருக்கிறது? நான் கணக்குக் கேட்டால் பதில் சொல்லச் சட்டப்படி கடமைப்பட்டவர் யார்? மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இல்லையென்றால், சொல்பவர் நம்மவராக இருந்தாலும், கோயில் தலைவராகவே இருந்தாலும், ஒரு காசு கொடுக்காதீர்கள். 'விவேக நகர நிலத்தில் பங்கு, மாதம் பத்து விழுக்காடு இலாபம்' என்று கைப்பேசியில் வரும் செய்திகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

முதலில் காகிதம். சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, சொக்சோ பதிவு, பழைய வேலைக் கடிதம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், தோட்ட முகவரி உள்ள அடையாள அட்டைப் படி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்பதை நிரூபிப்பது உங்கள் வாய் அல்ல, இந்தக் கோப்பு.

ஆட்குறைப்பு என்றால், 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி இழப்பீடு உண்டு. ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். 24 ஆண்டு வேலை செய்த ஒருவரின் சராசரி நாள் சம்பளம் 65 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 20 பெருக்கல் 24, 480 நாள். 480 பெருக்கல் 65, மொத்தம் 31,200 ரிங்கிட். இதற்குக் குறைத்து ஒரு தொகையை எழுதி "கையெழுத்துப் போடு" என்றால் போடாதீர்கள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு எட்டு வார முன்னறிவிப்பும் தர வேண்டும். ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்பாக முதலாளி தொழிலாளர் அலுவலகத்தில் பி.கே. பாரம் கொடுக்க வேண்டும். அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள்.

நியாயமில்லாமல் வேலை நீக்கம் செய்தால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்ய வேண்டும். 61ஆவது நாள் வந்தால் எந்த வழக்கறிஞராலும் காப்பாற்ற முடியாது.

இன்னொன்று. குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள், அந்நிய நாட்டுத் தொழிலாளர்களோடு வேலை செய்பவர்கள், "நமக்கு இதெல்லாம் பொருந்தாது" என்று நினைக்காதீர்கள். உங்கள் உண்மையான முதலாளி யார் என்பதே பல வழக்குகளில் முதல் கேள்வி. தனியாகப் போகாதீர்கள். தோட்டத்துக்கு ஒரு குழு அமையுங்கள். அதில் பெண்கள் பாதியாவது இருக்கட்டும். வீட்டை இழந்தால் அதிகம் சுமப்பவர்கள் அவர்கள்தாம்.

பட்டணத்தில் வீடு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது

நம்மில் பலர் தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம். பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையிலும் ஆயர் குரோவிலும் மூன்று ஷிப்டு வேலை செய்கிறோம், வாடகை கட்டுகிறோம். சாதாரணக் குடும்பத்துக்கு விவேக நகரத்தில் உண்மையான முதலீடு என்பது, குடியிருக்க ஒரு வீடு சொந்தப் பெயரில் இருப்பதுதான். இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடும் கனவு பிறகு.

மேம்பாட்டாளருக்கு உரிமமும் விளம்பர அனுமதியும் இருக்கின்றனவா என்று வீடமைப்பு அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் 'புக்கிங்' பணம் வாங்குவது சட்டவிரோதம். 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அப்படி வாங்கியிருந்தால், வீடு தாமதமாகும்போது தாமதக் கணக்கு அந்தப் பணம் கொடுத்த நாளிலிருந்தே தொடங்கும் என்றும் தீர்ப்புச் சொன்னது. ஆகவே அந்த இரசீதைத் தூக்கி எறியாதீர்கள். சட்டத்தின் ஒப்பந்தப் படிவப்படி தரைவீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடியை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். சாவி வாங்கிய பிறகு 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை மேம்பாட்டாளர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். தகராறு என்றால், 50,000 ரிங்கிட் வரையில் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் தேவையில்லை.

சேமநிதியில் 2024 மே முதல் மூன்று கணக்குகள்: ஓய்வுக்கால, செஜாத்ரா, பிளெக்சிபல். வீட்டுக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. பிளெக்சிபல் கணக்கை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் கைப்பேசி வாங்கவும் திருவிழாச் செலவுக்கும் அது கரைகிறது. முடிந்தவரை அதைத் தொடாதீர்கள்.

நம் கோரிக்கைகள்

அரசியல்வாதிகள் வாக்குக் கேட்டு வரும்போது அரிசி மூட்டையும் கோயிலுக்கு மானியமும் கேட்டு முடித்துவிடாதீர்கள். இவற்றை எழுத்தில் கேளுங்கள்.

முதலாவது, தோட்ட நிலத்தின் பயன்பாட்டை மாற்ற மாநில அரசு அனுமதி கொடுக்கும்போதே, அங்குள்ள குடும்பங்களுக்கு அதே வட்டாரத்தில் சொந்த வீடு என்பதை நிபந்தனையாக எழுத வேண்டும். முதலில் வீட்டுச் சாவி, பிறகு இடிப்பு. மாநில ஆட்சிக்குழு மனம் வைத்தால் இது முடியும். தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீட்டுத் திட்டம் என்ற பேச்சு 1973-இல் துன் ரசாக் காலத்திலேயே வந்தது. ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது.

இரண்டாவது, தமிழ்ப்பள்ளி. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நிலம் கம்பெனியின் பெயரில் இருந்தால் பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளியாகவே தேங்கி நிற்கிறது. தோட்டம் நகரமாகும்போது பள்ளிக்கு, அதே நகரத்துக்குள், கிராண்டோடு நிலம் வேண்டும். கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் அப்படியே.

மூன்றாவது, வேலை. விவேக நகரத்தில் நம் பிள்ளைகள் காவலாளியாகவும் துப்புரவுத் தொழிலாளியாகவும் மட்டும் நுழையக் கூடாது. மின்னியல், கணினி, கருவி பழுதுபார்ப்புப் பயிற்சிகளில் தோட்டப்புற, மலிவு அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். பெற்றோர்களே, எஸ்.பி.எம். முடித்த பிள்ளையை உடனே தொழிற்சாலைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு ஆண்டு பயிற்சி அவன் அல்லது அவள் வாழ்நாள் சம்பளத்தை மாற்றும்.

கேள்வி நேரத்தில் வந்த இரண்டு கேள்விகள்

"எங்கள் தோட்டத்தில் இன்னும் எந்த நோட்டீசும் வரவில்லை. இப்போதே ஏன் கூட வேண்டும்?" என்று ஓர் அம்மா கேட்டார். அம்மா, நோட்டீஸ் என்பது முடிவு எடுத்த பிறகு வருவது. நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி உங்கள் தோட்டத்து நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை தேடுங்கள். பெயர் மாறியிருந்தால் அதுதான் உங்கள் முதல் நோட்டீஸ்.

"போராடினால் கிடைக்கும் என்கிறீர்கள், எங்கே கிடைத்தது?" என்று ஒரு தம்பி கேட்டார். தம்பி, சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காக ஏறத்தாழ முப்பது ஆண்டு விடாமல் கேட்டார்கள். எத்தனை அமைச்சர்கள், எத்தனை தேர்தல்கள் வந்து போயின. 2023-இல் அவர்களுக்காக 245 தரைவீடுகள் கட்டும் திட்டத்தை அரசு தொடக்கியது. காத்திருந்த வீட்டைப் பார்க்காமலே கண் மூடிய பெரியவர்களும் உண்டு. அதனால்தான் முப்பது ஆண்டு ஆகக் கூடாது, முன்கூட்டியே கேளுங்கள் என்கிறேன்.

தோழர்களே, நகரம் வளரட்டும், விளக்குகள் எரியட்டும். நாம் கேட்பதெல்லாம் போட்ட உழைப்புக்கும் பணத்துக்கும் உரிய பங்கு. அடுத்த மாதம் உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ பத்துக் குடும்பங்களைச் சேர்த்து ஒரு குழு அமையுங்கள். ஒரு கோப்பு தொடங்குங்கள். நில அலுவலகத்தில் ஒரு தேடல் செய்யுங்கள். இந்த மூன்றையும் செய்துவிட்டு எங்களை அழையுங்கள். எந்தத் தோட்டமாக இருந்தாலும் வருகிறோம்.